எட்டிப் பார்க்க ஆறு வாரம்!

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மொட்டை மாடியில் வடாம் காயும். காக்கைக்குக் காவல் இருக்கும் சாக்கில் குழந்தைகளே பாதி வடாத்தைப் பச்சையாகத் தின்று தீர்ப்பார்கள். ஆவக்காய் ஜாடிக்குத் துணி கட்டி வைப்போம். பரீட்சை எழுதி முடித்த பெண், "இரண்டு மாசம் யாரும் என்னை ஒன்றும் சொல்லக் கூடாது!" என்று பிரகடனம் செய்துவிட்டு, கட்டிலில் சாய்ந்து கிடப்பாள். பெருக்குவதற்குக் கொஞ்சம் நகர்ந்துகொள் என்றால் கூட அவளுக்குக் கோபம் வரும்!

அதே கோடையில், பூமியின் மறு பக்கத்தில் நடக்கும் ஒரு காட்சியைக் கொஞ்சம் மனக்கண்ணால் பாருங்கள்.

அமெரிக்காவில் கென்டக்கி என்று ஒரு ராஜ்யம். அதன் கிழக்குப் பகுதி முழுவதும் மலை. மலைக்குள் நிலக்கரி. அந்த மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில், ஜூன் மாதத்துக் காலை வேளையில், பதினாறு வயதுப் பெண் ஒருத்தி பெட்டியும் கையுமாக நிற்கிறாள். பெட்டி அவளுடையது அல்ல. அத்தையிடம் இரவல் வாங்கியது. அம்மா பக்கத்தில் நிற்கிறாள். என்ன பேசுவது என்று தெரியாமல், "வேளைக்குச் சாப்பிடு" என்று நாலாவது தடவையாகச் சொல்கிறாள். (அம்மாக்கள் எந்த ஊரிலும் அம்மாக்கள்தானே!)

பெண் எங்கே போகிறாள்? கல்யாணமாகிப் புக்ககம் போகவில்லை. வேலைக்கும் போகவில்லை. காலேஜில் ஆறு வாரம் தங்கியிருக்கப் போகிறாள். இத்தனைக்கும் அவள் இன்னும் ஹைஸ்கூல் படிப்பையே முடிக்கவில்லை!

கட்டணம்? ஒரு காசு கிடையாது. தங்கும் அறை, சாப்பாடு, புத்தகம் எல்லாம் இலவசம். அது மட்டுமா? கைச்செலவுக்கு அவளுக்கே பணமும் தருகிறார்கள்!

"இதென்ன வேடிக்கை? படிக்க வருகிற பெண்ணுக்குப் பணம் கொடுப்பார்களா?" என்று கேட்கிறீர்கள் அல்லவா? நானும் அப்படித்தான் கேட்டேன். நான் சித்திரித்த பெண் என் கற்பனைதான். ஆனால் அவளைப் போல ஆயிரக்கணக்கான பெண்களும் பையன்களும் 1965-ஆம் வருஷத்திலிருந்து கோடைதோறும் இப்படிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

வாசலோடு திரும்பியவள்

அதற்கு முன்னால் என் சொந்தக் கதை, இரண்டே நிமிஷம்.

நானும் கிராமத்திலிருந்து பட்டணத்துக் காலேஜுக்கு வந்தவள்தான். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். மார்க்கெல்லாம் நன்றாகத்தான் வாங்கியிருந்தேன். காலேஜில் பெரிய புத்தகசாலை ஒன்று இருந்தது. அதற்குள் போக யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமோ, பணம் கட்ட வேண்டுமோ, செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டுமோ – ஒன்றும் எனக்குத் தெரியாது. கேட்டால் சிரிப்பார்களே என்று பயம். மூன்று மாதம் தினமும் அந்த வாசல் வரை போவேன்; உள்ளே எட்டிப் பார்ப்பேன்; திரும்பி விடுவேன். கடைசியில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்குவதற்காக உள்ளே ஓடினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை!

படிப்பு வராததால் நான் மூன்று மாதத்தை வீணாக்கவில்லை. பழக்கம் இல்லாததால் வீணாக்கினேன். அப்பாவோ அண்ணனோ காலேஜில் படித்த வீட்டுப் பெண்ணுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தராமலே தெரிந்திருக்கும். முதல் தலைமுறைப் பெண்ணுக்கு யார் சொல்வார்கள்?

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குத்தான் ஒரு விடை கண்டுபிடித்தார்கள். காலேஜில் சேர்வதற்கு முன்பே, ஒரு கோடை முழுவதும் காலேஜிலேயே குடிவைத்துப் பழக்கிவிடுவது!

வாத்தியார் ஜனாதிபதி ஆனார்

இந்த ஏற்பாட்டின் பெயர் 'அப்வர்ட் பவுண்ட்'. 'மேல் நோக்கிய பிரயாணம்' என்று சொல்லலாம். இதன் பின்னணியில் இருப்பவர் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன்.

ஜான்சன் ஆரம்பத்தில் வாத்தியார் வேலை பார்த்தவர். காலேஜில் படித்துக் கொண்டிருந்தபோது கையில் பணம் இல்லை. படிப்பைச் சில காலம் நிறுத்திவிட்டு, 1928-ல் டெக்ஸாஸ் ராஜ்யத்தில் கொட்டுல்லா என்ற சிற்றூரில் உபாத்தியாயராகப் போனார். அங்கே அவரிடம் படித்தவை மெக்ஸிகோ வம்சத்துக் கூலிக் குடும்பங்களின் குழந்தைகள். பசியோடு பள்ளிக்கூடம் வந்த அந்தக் குழந்தைகளின் முகங்களைத் தம்மால் மறக்க முடியவில்லை என்று ஜனாதிபதியான பிறகும் அவர் பேசியிருக்கிறார்.

1964 ஏப்ரலில் அவர் கென்டக்கி மலைப்பகுதிக்குப் போனார். மார்ட்டின் என்ற ஜில்லாவில் ஓர் ஏழைக் குடும்பத்தின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அந்த வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். அந்தப் புகைப்படம் நாடு முழுவதும் பிரசித்தி பெற்றது. வறுமையின் மேல் யுத்தம் தொடுப்பதாக அறிவித்திருந்தவர், அந்த யுத்தத்துக்கு ஆதரவு திரட்டவே புறப்பட்டிருந்தார். அதே வருஷம் ஆகஸ்டில் அதற்கான சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டத்தின் கீழ், 1965 கோடையில், சில காலேஜ்களில் மட்டும் பரீட்சார்த்தமாக 'அப்வர்ட் பவுண்ட்' தொடங்கியது.

1965 நவம்பர் 8-ஆம் தேதி உயர்கல்விச் சட்டத்தில் ஜான்சன் கையெழுத்திட்டார். எங்கே தெரியுமோ? தலைநகர் வாஷிங்டனில் அல்ல. பணம் இல்லாமல் பாதியில் நிறுத்தி, பிறகு திரும்பி வந்து படித்து முடித்தாரே, ஸான் மார்க்கோஸ் ஊரில் உள்ள அதே காலேஜில்! பிற்பாடு 'அப்வர்ட் பவுண்ட்' திட்டமும் இந்தச் சட்டத்துக்குள் வந்து சேர்ந்தது.

ஆறு வாரத்தில் என்ன நடக்கிறது?

இனி நம் மலைநாட்டுப் பெண்ணோடு நாமும் காலேஜுக்குள் போவோம்.

கென்டக்கியில் பெரியா என்ற ஊரில் 1855-ல் தோன்றிய ஒரு காலேஜ் இருக்கிறது. அது ஓர் அதிசயக் காலேஜ். 1892 முதல் தன் மாணவர்களிடம் படிப்புக் கட்டணமே வாங்குவதில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு மாணவரும் காலேஜில் ஏதாவது வேலை செய்ய வேண்டும். இந்தக் கோடைத் திட்டத்தை நடத்தி வந்திருக்கும் காலேஜ்களில் அதுவும் ஒன்று. இப்படி நாடெங்கும் பல காலேஜ்கள் சர்க்கார் பணத்தைப் பெற்று, தங்கள் சுற்றுவட்டாரத்து ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு இதை நடத்துகின்றன.

காலையில் வகுப்புகள். கணக்கு, விஞ்ஞானச் சோதனை, இலக்கியம், கட்டுரை எழுதுதல், ஓர் அந்நிய பாஷை – இந்த ஐந்தும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஏன் தெரியுமா? சிறு கிராமத்துப் பள்ளிகளில் மேல் கணக்கு சொல்லிக் கொடுக்க ஆள் இருக்காது. பௌதிகம் படிக்க நாலு மாணவர்கள்தான் சேர்வார்கள். அந்த நாலு பேருக்காக ஓர் ஆசிரியரை யார் நியமிப்பார்கள்? காலேஜில் சேரும்போதுதான் பட்டணத்துப் பிள்ளைகள் இதையெல்லாம் முன்பே படித்துவிட்டு வந்திருப்பது தெரியும். அந்த இடைவெளியைக் கோடையிலேயே நிரப்பிவிடுகிறார்கள்.

மாலையில் வீட்டுப்பாடம். உதவிக்கு வருகிறவர்கள் காலேஜ் மாணவ மாணவிகள். இவர்களில் பலர் இதே மாதிரிக் குடும்பங்களிலிருந்து, சில சமயம் இதே திட்டத்தின் வழியாகவே வந்தவர்கள். "நானும் முதல் வாரம் அழுதேன், போ!" என்று சொல்ல ஓர் அக்கா இருந்தால் போதாதா? பேராசிரியர் பத்து நாள் சொல்ல முடியாததை அவள் ஒரே ராத்திரியில் சொல்லிவிடுவாள்.

நாடகம் பார்க்கவும், காட்சிசாலை பார்க்கவும் அழைத்துப் போகிறார்கள். வேறு காலேஜ்களையும் காட்டுகிறார்கள். விண்ணப்பத்தை எப்படிப் பூர்த்தி செய்வது, உபகாரச் சம்பளத்துக்கு எந்தப் படிவம், கடன் வாங்கினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் – எல்லாம் சொல்லித் தருகிறார்கள். கோடையோடு கைகழுவி விடுவதும் இல்லை. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் வருஷம் முழுவதும் தொடர்பு வைத்துக்கொண்டு பாடம் சொல்கிறார்கள். அடுத்த கோடையிலும் வரலாம். ஹைஸ்கூல் முடித்த கையோடு வரும் கோடையில் காலேஜ் பாடத்தையே படிக்கத் தொடங்கலாம்.

இதில் யார் சேரலாம்? குடும்ப வருமானம் குறைவு, பெற்றோர் இருவரும் பட்டம் பெறாதவர்கள் – இந்த இரண்டும் பொருந்துகிறவர்கள், சேர்க்கப்படுவோரில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். மீதி இடங்களுக்கு இரண்டில் ஒன்றாவது பொருந்த வேண்டும், அல்லது படிப்பில் பின்தங்கிவிடும் அபாயத்தில் இருக்க வேண்டும்.

அறுபது டாலரின் மகிமை

கைச்செலவுக்குப் பணம் தருகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? அதில்தான் இந்தத் திட்டத்தின் சூட்சுமமே இருக்கிறது.

கோடை மாதங்களில் மாதத்துக்கு 60 டாலர் வரையிலும், மற்ற மாதங்களில் 40 டாலர் வரையிலும் தரலாம் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க விலைவாசிக்கு இது சொற்பக் காசு. ஆனாலும் ஏன் கொடுக்கிறார்கள்?

ஏழைக் குடும்பத்தில் கோடை விடுமுறை என்பது சும்மா இருக்கும் காலம் அல்ல. பதினாறு வயதுப் பிள்ளை நாலு காசு சம்பாதிக்கும் காலம். வயலில் வேலை, கடையில் வேலை, அல்லது அம்மா வேலைக்குப் போகும்போது தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. 'இலவசம்' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தாய்க்கு அது இலவசம் அல்ல! மகள் ஆறு வாரம் இல்லாமற் போனால் வீட்டில் ஒரு வருமானம் குறைகிறது. இரண்டு கைகள் குறைகின்றன. அந்த நஷ்டத்தை முழுவதும் ஈடுகட்டாவிட்டாலும், "உங்கள் கஷ்டம் எங்களுக்குத் தெரியும்" என்று சொல்வதற்காகத்தான் அந்த அறுபது டாலர்.

பெரிய சர்வகலாசாலைகள் பலவற்றில் கோடைக்கால வகுப்புகள் உண்டு. ஆனால் அவற்றில் பலவும் ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் கேட்பவை. பளபளவென்ற விளம்பரப் புத்தகம் நம் ஊர்களுக்கும் வருகிறது. பணம் கட்டி அங்கே ஒரு கோடை இருந்துவிட்டால் பிறகு அந்தச் சர்வகலாசாலையிலேயே இடம் நிச்சயம் என்று நினைத்துவிடாதீர்கள், சகோதரிகளே! அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை என்று அந்தச் சர்வகலாசாலைகளே சொல்கின்றன.

தக்காளி வயலில் ஒரு கேள்வி

இப்படிப் போனவர்கள் பிற்காலத்தில் என்ன ஆனார்கள்?

ஜான் கின்யோனெஸ் என்பவர் அமெரிக்க டெலிவிஷனில் பிரசித்தி பெற்ற செய்தியாளர். அவருடைய குடும்பம் டெக்ஸாஸில் ஸான் அன்டோனியோ நகரத்தில் வசித்த, மெக்ஸிகோ வம்சத்துக் குடும்பம். அவருக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது தகப்பனாருக்கு வேலை போயிற்று. குடும்பமே அறுவடைக் கூலிகளாக வடக்கே கிளம்பியது. மிச்சிகனில் செர்ரிப் பழம் பறித்தார்கள். ஒஹையோவில் தக்காளி பறித்தார்கள். ஒரு நாள் விடியற்காலை, குளிரில், எதிரே முடிவே இல்லாமல் நீண்டு கிடக்கும் தக்காளிச் செடி வரிசை. தகப்பனார் மகனைப் பார்த்துக் கேட்டாராம்: வாழ்நாள் பூராவும் இந்த வேலையையே செய்யப் போகிறாயா, அல்லது காலேஜில் படிக்கப் போகிறாயா என்று.

பையன் தீர்மானம் செய்துகொண்டான். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் என்ன சொன்னார்கள்? உன் கனவெல்லாம் ரொம்ப அழகுதான் அப்பா, ஆனால் தச்சு வேலையோ மோட்டார் ரிப்பேரோ கற்றுக்கொள்வது நல்லது என்றார்கள்! அப்போது கைகொடுத்தது 'அப்வர்ட் பவுண்ட்'. காலேஜ் முடித்து, கொலம்பியா சர்வகலாசாலையில் பத்திரிகைத் தொழிலும் படித்தார். இதைப் பல மேடைகளில் அவர் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

2017-ல் ஆஸ்கார் பரிசு பெற்ற நடிகை வயோலா டேவிஸும் இதே திட்டத்தின் வழியாக வந்தவர்தான்.

குலுக்கல் சொன்ன உண்மை

"பிரபலமான இரண்டு பேரைச் சொல்லிவிட்டால் ஆயிற்றா? மற்றவர்கள் கதி என்ன?" என்று நீங்கள் கேட்பது நியாயம். அமெரிக்க சர்க்காரும் அதையே கேட்டது.

1992-ல் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். 67 இடங்களில், விண்ணப்பித்த சுமார் 2,800 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு இடம். இன்னொரு பாதிக்கு இல்லை. இரு சாராரையும் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு, திட்டத்தின் ஆதரவாளர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. மொத்தமாகப் பார்த்தால், காலேஜ் சேர்ந்தவர் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை! கணக்குப் போட்ட விதம் சரியில்லை என்று பின்னால் வாதப் பிரதிவாதங்களும் நடந்தன.

ஆனால் அந்த ஆராய்ச்சியில் ஒரு பகுதி என் மனத்தைத் தொட்டது. "நான் பட்டம் வாங்குவேன்" என்று ஆரம்பத்திலேயே எண்ணியிருந்த பிள்ளைகள், இந்தத் திட்டம் இல்லாவிட்டாலும் எப்படியோ வழி தேடிக்கொண்டார்கள். "நமக்கெங்கே காலேஜ்!" என்று எண்ணியிருந்த பிள்ளைகளுக்குத்தான் நல்ல பலன் தெரிந்தது. அவர்களில் காலேஜ் படி ஏறியவர்கள் கணிசமாக அதிகரித்தார்கள்.

ஆசையே படாத பிள்ளைக்குத்தான் ஆசை காட்ட வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது அல்லவா? நாம் என்ன செய்கிறோம்? முதல் மார்க் வாங்குகிற பெண்ணைத் தேடிப் பிடித்துப் பரிசு கொடுக்கிறோம். வேண்டியதுதான். ஆனால் கடைசி பெஞ்சில், 'இதெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கு அல்ல' என்று முடிவு கட்டி உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாரும் கூப்பிடுவதில்லை.

ஒற்றையாய் இருப்பவர்கள்

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கும் கிராமத்தில் ஒரு சங்கடம் உண்டு. ஹாக்ஸ்பி என்ற பொருளாதாரப் பேராசிரியையும், ஏவரி என்ற பேராசிரியரும் சேர்ந்து ஓர் ஆராய்ச்சியை 2013-ல் வெளியிட்டார்கள். ஏழைக் குடும்பத்தில் பிறந்து மிக உயர்ந்த மார்க் வாங்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர், நாட்டின் தலைசிறந்த காலேஜ்களுக்கு விண்ணப்பமே போடுவதில்லை என்று அதில் கண்டார்கள். விண்ணப்பித்து இடம் கிடைத்தால், தாராளமான உபகாரச் சம்பளம் காரணமாக, உள்ளூர்க் காலேஜைவிட அங்கே செலவு குறைவாகவே இருக்கும். அப்படியிருந்தும் போடுவதில்லை!

காரணம்? இப்படிப்பட்ட பிள்ளைகள் சிதறிக் கிடக்கிறார்கள். ஊருக்கு ஒருத்தர்தான் இருப்பார். அந்தக் காலேஜ்களில் படித்த ஓர் ஆசிரியரையோ, மூத்த மாணவரையோ அவர்கள் பார்த்ததே இல்லை. காலேஜ்காரர்களும் பெரிய பட்டணங்களுக்குத்தான் ஆள் தேடிப் போகிறார்கள். ஒற்றைப் பிள்ளைக்காக மலைமேல் யார் ஏறுவார்கள்?

இப்படி ஒற்றையாய் இருப்பவர்களை ஒன்றாகச் சேர்ப்பதற்குக் கோடை முகாமைவிட நல்ல வழி ஏது? 1963-லேயே வட கரோலினா ராஜ்யத்தில் கவர்னர் டெர்ரி ஸான்ஃபோர்ட் இதைச் செய்து காட்டினார். ராஜ்யத்தின் மூலை முடுக்குகளிலிருந்து 400 ஹைஸ்கூல் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, வின்ஸ்டன் ஸேலம் நகரத்துக் காலேஜில் கோடையில் தங்க வைத்தார். பரீட்சை கிடையாது, மார்க்கும் கிடையாது! 'கவர்னர் பள்ளி' என்று அதற்குப் பெயர். பிறகு பல ராஜ்யங்கள் அதைப் பின்பற்றின.

கென்டக்கி 1983-ல் தன் பள்ளியைத் தொடங்கியதற்குக் காரணம் வேறு. கெட்டிக்காரப் பிள்ளைகளெல்லாம் ராஜ்யத்தை விட்டே போய்விடுகிறார்களே என்ற கவலைதான். 'படிக்க அனுப்பினால் பெண் ஊருக்குத் திரும்ப மாட்டாள்' என்று நம் கிராமத்துப் பாட்டிகள் சொல்வார்களே, அதே கவலை! அதற்காகப் பிள்ளைகளைப் பூட்டி வைக்கவில்லை. ஐந்து வாரம் இலவசமாகச் சொந்த ராஜ்யத்துக் காலேஜிலேயே தங்க வைத்து, தங்கள் மண்ணில் என்னவெல்லாம் செய்யலாம் என்று அவர்களையே யோசிக்க வைத்தார்கள்.

2023-ல் சிக்காகோ, யேல் உள்ளிட்ட 16 சர்வகலாசாலைகளும் காலேஜ்களும் கைகோத்து, சிற்றூர், கிராமப் பிள்ளைகளைத் தேடிப் போவதற்கென்றே ஒரு கூட்டமைப்பு அமைத்தன. முதலில் 2 கோடி டாலர் நன்கொடை கொடுத்தவர் பைரன் ட்ராட் என்ற செல்வந்தர். அவரும் மிஸ்ஸௌரி ராஜ்யத்துச் சிற்றூரிலிருந்து சிக்காகோவுக்குப் படிக்க வந்தவர்தான். மறு வருஷமே உறுப்பினர் எண்ணிக்கை 32 ஆயிற்று.

வரிக்கு வரி இடைவெளி!

இவ்வளவு நல்ல காரியத்துக்கும் இடைஞ்சல் உண்டு. ஒரு கதை கேளுங்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெயின் ராஜ்யம். அதன் வட கோடியில் உருளைக்கிழங்கு விளையும் சீமை. கிழங்கு தோண்டும் பருவத்தில் பிள்ளைகள் வயலுக்குப் போக வேண்டும் என்பதற்காகவே பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடும் வழக்கம் உள்ள ஊர்கள். அங்கே ப்ரெஸ்க் ஐல் என்ற ஊரில் உள்ள காலேஜ், பல காலமாக 'அப்வர்ட் பவுண்ட்' நடத்தி வந்தது. 2017-ல் பணத்தைப் புதுப்பிக்கக் கோரி 65 பக்கம் விண்ணப்பம் எழுதி அனுப்பினார்கள். கல்வி இலாகா அதைப் படிக்காமலே நிராகரித்துவிட்டது! காரணம்? வரிகளுக்கு நடுவே இரட்டை இடைவெளி விட வேண்டும் என்பது விதி. இரண்டு விளக்கப் படங்களில் மட்டும் இடைவெளி இரண்டுக்குப் பதில் ஒன்றரை இருந்ததாம்!

இதே மாதிரி இன்னும் பல காலேஜ்களின் விண்ணப்பங்களும் தள்ளப்பட்டன. பத்திரிகைகள் எழுதின, செனட்டர்கள் கட்சி பேதமின்றிக் குரல் எழுப்பினார்கள். கடைசியில் இலாகா இறங்கி வந்து, விண்ணப்பங்களை மறுபடியும் எடுத்துப் பார்க்கச் சம்மதித்தது. அரை வரி இடைவெளியில் எத்தனை பிள்ளைகளின் கோடை தொங்கிக்கொண்டிருந்தது, பாருங்கள்!

2025-ல் வந்த ஆபத்து இன்னும் பெரியது. இந்த வகைத் திட்டங்களுக்கான பணத்தை அடியோடு நிறுத்திவிடலாம் என்று ஜனாதிபதியின் வரவு செலவுத் திட்டமே யோசனை சொன்னது. அறுபது வருஷம் நடந்த காரியமாயிற்றே, இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று எதையும் விட்டுவிட முடியாது போலும்!

நம் வீட்டு வாசலில்

நம் நாட்டிலும் இதற்கு ஒரு தூரத்து உறவு உண்டு. 'இஸ்ரோ' விண்வெளி நிறுவனம் 2019-ல் தொடங்கிய 'யுவிகா' என்ற கோடை முகாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை விண்வெளி நிலையங்களுக்கு வரவழைத்து, தங்க வைத்து, விஞ்ஞானிகளோடு பேச விடுகிறார்கள். ரயில் கட்டணம் முதல் சாப்பாடு வரை இஸ்ரோ செலவு. பொறுக்கி எடுக்கும்போது, கிராமப் பள்ளியில் படிக்கிறவர்களுக்குத் தனியாக மார்க் உண்டு. உங்களுக்குத் தெரிந்த கிராமத்துப் பிள்ளை யாராவது இருந்தால், அடுத்த அறிவிப்பு வரும்போது காதில் போட்டு வையுங்கள்.

சரி, சர்க்காரும் சர்வகலாசாலையும் செய்கிற காரியங்கள் இவை. வீட்டில் இருக்கும் நாம் என்ன செய்ய முடியும்?

உங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளுக்குப் பள்ளிக்கூடம் படிக்கிற மகள் இருக்கலாம். கீரை கொண்டு வருகிறவருக்கு ஒரு பெண் இருக்கலாம். ஊரில் உங்கள் பெரியப்பா வீட்டு வயலைக் குத்தகைக்கு எடுத்தவரின் பேத்தி பதினொன்றாம் வகுப்பில் இருக்கலாம். "நல்லாப் படிம்மா" என்று சொல்லி, பழைய புத்தகங்களைக் கொடுத்திருப்பீர்கள். நல்லதுதான். இந்த விடுமுறையில் இன்னும் ஒன்று செய்து பாருங்கள்.

உங்கள் மகளோ மருமகளோ படித்த காலேஜுக்கு அந்தப் பெண்ணை ஒரு நாள் அழைத்துக்கொண்டு போங்கள். வகுப்பறையில் சும்மா ஐந்து நிமிஷம் உட்கார வையுங்கள். ஹாஸ்டல் எது, விண்ணப்பம் எங்கே கொடுப்பது, சம்பளம் கட்டும் ஜன்னல் எது என்று காட்டுங்கள். அங்கே படிக்கிற பெண் யாராவது எதிரே வந்தால், "இவளுக்கு நாலு வார்த்தை சொல்லம்மா" என்று பேச விடுங்கள். அவள் தாயாரையும் கூட அழைத்துப் போனால் இன்னும் நல்லது. பெண்ணை அனுப்பலாமா வேண்டாமா என்று ராத்திரி தூங்காமல் யோசிக்கப் போகிறவள் அவள்தானே!

ஆறு வாரம் நம்மால் முடியாது. ஒரு மத்தியானம் முடியும்.

மறக்காமல் புத்தகசாலைக்குள்ளும் அழைத்துப் போங்கள். உள்ளே வர யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். எனக்கு அதைச் சொல்ல ஆள் இருந்திருந்தால், மழை வரும் வரை நான் காத்திருந்திருக்க மாட்டேன்.